எலுமிச்சைச் சாறும் அமைதியான மனிதர்களும்

இரு முனையிலும் பஞ்சு சுற்றிய ஒரு குச்சி, அதன் நட்டநடுவில் கட்டிய ஒரு நூல், நான்கு சொட்டு எலுமிச்சைச் சாறு. ஒருவரின் குணத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள 1960-களில் உளவியலாளர்கள் கையாண்ட கருவிகள் இவ்வளவுதான். குச்சியின் ஒரு முனையை நாக்கில் 20 விநாடி வைத்து எடுத்தார்கள். பிறகு நாக்கில் சாற்றை விட்டு, மறு முனையை அதேபோல் 20 விநாடி வைத்தார்கள். நூலைப் பிடித்துக் குச்சியைத் தூக்கியபோது, எச்சில் கூடுதலாக ஊறிய பக்கம் கனத்துச் சாய்ந்தது. கூட்டத்தை விரும்பும் கலகலப்பானவர்களின் குச்சி அதிகம் சாயவில்லை. தனிமையை நாடும் அமைதியானவர்களின் குச்சி நன்றாகவே சாய்ந்தது.

புளிப்புக்கு நாக்கு காட்டும் எதிர்வினைக்கும், கல்யாண வீட்டில் ஒருவர் எத்தனை பேரோடு பேசுகிறார் என்பதற்கும் என்ன சம்பந்தம்? கோர்கரன் என்பவர் 1964-இல் வெளியிட்ட ஆய்வு கிளப்பிய கேள்வி இது. அதே சோதனையைப் பின்னாளில் செய்தவர்கள் சிலருக்கு வேறுபாடு இவ்வளவு துலக்கமாகக் கிடைக்கவில்லை. நாளின் எந்த நேரத்தில் செய்கிறோம் என்பதுகூட முடிவை மாற்றியது. ஆனாலும் அந்தக் குச்சி சுட்டிய திசை முக்கியமானது. அமைதியாக இருப்பதை நாம் பழக்கம் என்கிறோம், வளர்ப்பு என்கிறோம், சில வேளை திமிர் என்றும் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அதன் வேர் உடம்புக்குள், நரம்புகளுக்குள் போகிறது.

இன்று ‘இன்ட்ரோவர்ட்’ என்ற சொல் இளைஞர்களின் பேச்சில் சர்வசாதாரணமாகப் புழங்குகிறது. உள்முக இயல்பு என்று அதைத் தமிழில் சொல்கிறோம். அந்த இயல்பு உண்மையில் எது, எது அல்ல என்பதில்தான் குழப்பம்.

கேள்வியைக் கிளப்பிய சண்டை

சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் மனநல மருத்துவராக இருந்த கார்ல் குஸ்டாவ் யுங்கை ஒரு கேள்வி வெகுநாள் குடைந்தது. வியன்னாவில் சிக்மண்ட் ஃபிராய்டும் ஆல்ஃபிரட் ஆட்லரும் முட்டிக்கொண்டு 1911-இல் பிரிந்தார்கள். அடுத்த இரண்டே ஆண்டுகளில் யுங்கும் ஃபிராய்டை விட்டு விலகினார். ஒரே வகை நோயாளியை ஃபிராய்டு ஒரு விதமாகவும் ஆட்லர் வேறு விதமாகவும் படித்தார்கள். ஃபிராய்டின் விளக்கத்தில் வெளியே இருக்கும் மனிதர்கள் மீது மனம் கொள்ளும் பற்றுதான் மையம். ஆட்லரின் விளக்கத்தில் தன்னைக் காத்துக்கொள்ளத் துடிக்கும் ‘நான்’தான் மையம். இருவருமே கூர்மையானவர்கள் என்றால் இவ்வளவு வேறுபாடு ஏன்? பார்க்கிறவர்களின் மன அமைப்பே இரு வேறு வகையோ என்று யுங் யோசித்தார்.

1913-இல் மியூனிக் மாநாட்டில் அதைப் பேச்சாக வைத்தார். 1921-இல் ‘உளவியல் வகைகள்’ என்ற பெரிய நூலாக விரித்தெழுதினார். சிலருக்கு மனத்தின் ஆற்றல் வெளியுலகை நோக்கிப் பாய்கிறது. சிலருக்கு அது உள்ளே, எண்ணங்களையும் அனுபவங்களையும் நோக்கித் திரும்புகிறது. உள்முகம், புறமுகம் என்ற பகுப்பு இப்படித்தான் உலகெங்கும் பரவியது. ஆனால் யுங்கிடம் இருந்தது நோயாளிகளை உற்றுப் பார்த்த அனுபவமும் படிப்பும் மட்டுமே. அளந்து பார்க்கும் வழி அவரிடம் இல்லை.

அளக்கத் துணிந்தவர் ஹான்ஸ் ஐசங்க். 1916-இல் பெர்லினில் பிறந்து, 1934-இல் நாஜிகளின் ஜெர்மனியை விட்டு வெளியேறி, லண்டனில் படித்து உளவியலாளரானவர். இரண்டாம் உலகப் போரின்போது லண்டனின் மில் ஹில் மருத்துவமனைக்கு வந்த சுமார் 700 படைவீரர்களின் பதிவுகளை எடுத்துக் கணக்குப் போட்டார். 1947-இல் வெளியிட்ட நூலில், மனித குணத்தின் பெரும் அச்சுகளில் ஒன்று உள்முகம்–புறமுகம் என்று நிறுவினார். இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். குணத்துக்கும் புற்றுநோய்க்கும் முடிச்சுப் போட்டு ஐசங்க் பிற்காலத்தில் எழுதிய பல கட்டுரைகளை நம்பத் தகாதவை என்று 2019-இல் லண்டன் கிங்ஸ் கல்லூரியின் விசாரணை அறிவித்தது. உள்முகம் குறித்த ஆய்வு அவர் ஒருவரின் சொல்லை மட்டும் நம்பி நிற்கவில்லை. பல நாடுகளில் பலர் சோதித்த துறை அது.

எவ்வளவு இருந்தால் போதும்?

மூளைத் தண்டில் வலைபோல் பின்னிய நரம்புத் தொகுதி ஒன்று உண்டு. அதைத் தூண்டினால் மூளை முழுதும் விழித்துக்கொள்கிறது என்று 1949-இல் மொருஸ்ஸியும் மகூனும் பூனைகளிடம் செய்த சோதனையில் கண்டார்கள். இதிலிருந்துதான் ஐசங்க் 1967-இல் தன் கருதுகோளைக் கட்டினார். உள்முகரின் மூளை இயல்பாகவே கூடுதல் விழிப்பில் இருக்கிறது. வெளியிலிருந்து கொஞ்சம் ஒலி, கொஞ்சம் ஒளி, நான்கு பேர் பேச்சு வந்தாலே அதற்குப் போதுமான அளவு எட்டிவிடுகிறது. அதற்கு மேல் வந்தால் திணறுகிறது. புறமுகரின் மூளைக்கு அதே அளவு சப்பென்று இருக்கிறது. அது இன்னும் வேண்டும் என்று கேட்கிறது. எலுமிச்சைச் சோதனைக்குப் பொருள் இதுதான். நான்கு சொட்டுச் சாறு எல்லோருக்கும் ஒன்றே. அதை வாங்கிக்கொள்ளும் நரம்புகள்தான் வேறு.

இதைத் தெளிவாகக் காட்டிய சோதனை 1984-இல் ரஸ்ஸல் கீன் செய்தது. மாணவர்களுக்குச் சொல் இணைகளைக் கற்கும் வேலை ஒன்று கொடுத்தார். காதில் அவ்வப்போது இரைச்சல் ஒலிக்கும். அதன் அளவை அவர்களே கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். உள்முகர்கள் சராசரியாக 55 டெசிபல் அளவில் வைத்துக்கொண்டார்கள். புறமுகர்கள் 72 வரை ஏற்றிக்கொண்டார்கள். தத்தமக்குப் பிடித்த அளவில் இருந்தபோது இரு சாராரின் இதயத் துடிப்பும் ஒத்திருந்தது. இருவரும் சமமாகவே கற்றார்கள். அளவை மாற்றிக் கொடுத்ததும் கதை மாறியது. உள்முகர் புறமுகரின் இரைச்சலிலும், புறமுகர் உள்முகரின் அமைதியிலும் தடுமாறினார்கள்.

தேநீருக்கு ஒருவருக்கு அரைக் கரண்டிச் சர்க்கரை போதும், இன்னொருவருக்கு இரண்டு கரண்டி வேண்டும். இரண்டில் எது சரியான நாக்கு என்று யாரும் தீர்ப்புச் சொல்வதில்லை. மூளைக்கு வேண்டிய தூண்டுதலின் அளவும் அப்படிப்பட்டதே. அமைதியான அறையில் சோர்ந்துவிடும் மாணவனும், இரைச்சலான அறையில் குழம்பிவிடும் மாணவியும் தத்தம் அளவு கிடைத்தால் ஒன்றுபோல் கற்பார்கள் என்பதே கீனின் சோதனை நமக்குத் தரும் பாடம்.

பின்னாளில் இன்னொரு விளக்கமும் சேர்ந்தது. மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் ஓடும் பாதைகள், பரிசு கிடைக்கப்போகிறது என்ற எதிர்பார்ப்பில் சுறுசுறுப்பாகின்றன. பணம் வெல்லும் விளையாட்டை ஆடவைத்து மூளையைப் படமெடுத்தபோது, புறமுகர்களுக்கு அந்தப் பகுதிகள் கூடுதலாகத் துலங்கின. புதிய நட்பு, பாராட்டு, பதவி, பந்தயம் எல்லாம் புறமுகரை வலுவாக இழுக்கின்றன. உள்முகரை அவை மெதுவாகவே இழுக்கின்றன. ஆகவே விருந்துக்கு அழைத்தால் உள்முகர் தயங்குவதற்கு மனிதர்கள் மீதான வெறுப்பு காரணமாக இருக்க வேண்டியதில்லை. மற்றவருக்கு அந்த விருந்தில் தெரியும் கவர்ச்சி அவருக்கு அவ்வளவு தெரியவில்லை, அவ்வளவுதான்.

நான்கு மாதக் குழந்தையிடம்

வளர்ப்புதான் எல்லாம் என்று நம்பியவர்களை யோசிக்க வைத்தவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஜெரோம் கேகன். 1989-இல் தொடங்கி, நான்கே மாதமான சுமார் 500 குழந்தைகளை அவருடைய குழு சோதித்தது. கண்முன்னே வண்ணப் பொம்மைகளை ஆட்டினார்கள், பலூனை வெடித்தார்கள், ஆல்கஹால் தோய்த்த பஞ்சை மூக்கருகே காட்டினார்கள். ஏறத்தாழ ஐந்தில் ஒரு குழந்தை கைகால்களை உதறி, முதுகை வளைத்து, வீறிட்டு அழுதது. சுமார் 40 விழுக்காட்டுக் குழந்தைகள் சலனமில்லாமல் கிடந்தன.

இவர்களில் யார் பின்னாளில் அமைதியானவர்கள் ஆவார்கள்? உதறி அழுதவர்கள் என்றார் கேகன். வளர்ந்தபோது பெரும்போக்கு அவர் சொன்னபடியே இருந்தது. புதிய பொருளையும் புதிய ஆளையும் கண்டால் தயங்கி நின்று கவனித்தவர்கள் பெரும்பாலும் அந்த முதல் கூட்டத்துக் குழந்தைகள். உலகம் சிலருக்குள் உரத்த ஒலியோடு நுழைகிறது. அதனால் அவர்கள் கதவைச் சற்றே சாத்திக்கொள்கிறார்கள். இரண்டு வயதில் தயங்கும் குழந்தைகளாக இருந்தவர்களை இருபதைத் தாண்டிய பிறகு மூளைப் படமெடுத்த ஆய்வு 2003-இல் வெளியானது. அறியாத முகங்களைக் கண்டதும் அவர்களின் அமிக்டலா என்ற பகுதி மற்றவர்களைவிடக் கூடுதலாகத் துலங்கியது.

கேகன் இதைத் தலையெழுத்து என்று சொல்லவில்லை. உதறி அழுத குழந்தைகளில் பலர் வளர்ந்து நடுத்தரமான இயல்புக்கு வந்துவிட்டார்கள். மறுகோடிக்கே போய் ஆரவாரமானவர்கள் ஆனவர்கள்தான் அரிது. இரட்டையர்களை ஒப்பிட்ட ஆய்வுகளும் இதையே சொல்கின்றன. மனிதருக்கு மனிதர் காணும் உள்முக–புறமுக வேறுபாட்டில் ஏறக்குறைய பாதி மரபணு வழியாக வருகிறது. மறுபாதியை வாழ்க்கை எழுதுகிறது.

கூச்சம் வேறு, உள்முகம் வேறு

இந்தத் துறையில் பெருங்குழப்பம் இங்கேதான். கூச்சம் என்பது அச்சம். பிறர் என்ன நினைப்பார்களோ என்று உள்ளுக்குள் நடுங்குவது. உள்முகம் என்பது விருப்பத்தின் அளவு. ஜொனாதன் சீக்கும் ஆர்னால்டு பஸ்ஸும் 1981-இல் இவ்விரண்டையும் தனித்தனியே அளந்து, கல்லூரி மாணவியரை இருவர் இருவராக உட்கார வைத்துப் பேசவிட்டார்கள். பேச்சில் அதிகம் தடுமாறியவர்கள், பார்வையைத் திருப்பிக்கொண்டவர்கள் யார் என்று பார்த்தால், கூச்சமும் உண்டு, நட்புக்கான ஏக்கமும் உண்டு என்ற வகையினர். பேச ஆசைப்பட்டும் அஞ்சினவர்கள் அவர்கள். கூட்டத்தில் நாட்டம் குறைந்தவர்கள் அவ்வளவு அல்லல்படவில்லை.

ஆகவே நான்கு வகை மனிதர்கள் நம்மிடையே உலவுகிறார்கள். கூச்சமே இல்லாத உள்முகர் மேடையேறி அருமையாகப் பேசுவார். முடிந்ததும் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். கூச்சம் மிகுந்த புறமுகர் கூட்டத்துக்காக ஏங்குவார். ஆனால் வாசற்படியிலேயே நின்றுவிடுவார். முதலாமவருக்கு உதவி எதுவும் தேவையில்லை. இரண்டாமவருக்கு அன்பான கை ஒன்று தேவை. இருவரையும் ஒரே பெயரால் அழைத்தால் இருவருக்குமே அநியாயம் செய்கிறோம்.

இன்னொன்றும் இதில் சேர்த்துச் சொல்ல வேண்டியது. நேற்றுவரை நண்பர்களோடு சுற்றியவர் திடீரென்று ஒதுங்கினால், தூக்கமும் பசியும் குலைந்தால், பிடித்தவையெல்லாம் கசந்தால், அது உள்முக இயல்பு அன்று. மனச்சோர்வாக இருக்கலாம், மருத்துவரைப் பார்க்க வேண்டும். இயல்பு என்பது சிறு வயதிலிருந்தே கூட வருவது. ஒரே மாதத்தில் வந்து ஒட்டிக்கொள்வது அன்று.

இரண்டு கட்சிகள் இல்லை

“நான் இன்ட்ரோவர்ட், நீ எக்ஸ்ட்ரோவர்ட்” என்று மனிதரை இரண்டு பெட்டிகளில் அடைப்பதற்கு அறிவியல் ஆதரவு தரவில்லை. ஆயிரம் பேரை அளந்தால் உயரத்தைப் போலவே இதுவும் பரவிக் கிடக்கும். பெரும்பாலோர் நடுவில். இரு கோடிகளில் சிலரே. நடுவில் இருப்பவர்களுக்கு ‘ஆம்பிவர்ட்’ என்று 1920-களிலேயே பெயர் வைத்தார்கள்.

ஒரே மனிதரும் நாள் முழுதும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. அமெரிக்காவின் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஃப்ளீசன், மாணவர்களை ஒரு நாளில் பலமுறை, தாங்கள் அந்தக் கணத்தில் எப்படி நடந்துகொண்டிருக்கிறோம் என்று பதியச் சொன்னார். 2001-இல் வெளியான முடிவு பலரை வியக்க வைத்தது. உள்முகர் என்று கருதப்பட்டவர்களும் நாளில் பல தருணங்களில் கலகலப்பாக இருந்தார்கள். புறமுகரும் அடங்கி ஒடுங்கினார்கள். சராசரி எங்கே விழுகிறது என்பதில்தான் ஆளுக்கு ஆள் வேறுபாடு. அதைவிட, கலகலப்பாக நடந்துகொண்ட நேரங்களில் உள்முகரும் மகிழ்ச்சியாகவே உணர்ந்தார்கள் என்பதும் அவருடைய தொடர் ஆய்வுகளில் தெரியவந்தது.

‘உள்முகரைக் கூட்டம் களைப்பாக்கும், புறமுகருக்குக் கூட்டம் தெம்பு தரும்’ என்று பரவலாகச் சொல்லப்படுவதற்கும் பின்லாந்து ஆய்வாளர்கள் 2017-இல் ஒரு திருத்தம் தந்தார்கள். கலகலப்பாக இருந்த அந்த நேரத்தில் எல்லோருமே உற்சாகமாக இருந்தார்கள். சுமார் மூன்று மணி நேரம் கழித்து எல்லோருமே களைத்தார்கள், புறமுகர் உட்பட. அப்படியானால் இனிமேல் உள்முகர்கள் எல்லோரும் கலகலப்பாக நடிக்கலாமே? மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் அதையும் சோதித்தார்கள். ஒரு வாரம் முழுதும் புறமுகராக நடந்துகொள்ளச் சொன்ன அந்த ஆய்வு 2019-இல் வெளியானது. சராசரியாகப் பார்த்தால் பங்கேற்றவர்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் நல்ல உள்முகர்களுக்கு அந்த மகிழ்ச்சி குறைவாகவே வாய்த்தது. அலுப்பும், தான் தானாக இல்லை என்ற உணர்வும் மிஞ்சின. அளவோடு வெளியே வருவது நன்மை. நாளெல்லாம் வேறொருவராக வாழச் சொல்வது சுமை.

கனடாவைச் சேர்ந்த உளவியலாளர் பிரையன் லிட்டில் இதற்கு நல்ல சான்று. மாணவர்கள் கொண்டாடிய அற்புதமான விரிவுரையாளர், ஆனால் அடிப்படையில் தீவிர உள்முகர். நமக்கு உயிரான ஒன்றுக்காக நம் இயல்பை மீறி நடக்கலாம், நடந்தபின் இளைப்பாற இடம் வேண்டும் என்பது அவருடைய கொள்கை. ஒரு ராணுவக் கல்லூரியில் பேசிய நாள்களில், இடைவேளையில் பிடித்து வைத்துப் பேசுவோரிடமிருந்து தப்பிக்கக் கழிவறையில் போய் அமர்ந்துகொண்டதை அவரே சொல்லியிருக்கிறார். கற்பித்தல் மீதுள்ள காதல் அவரை மேடைக்குக் கொண்டுவந்தது. அந்தச் சில நிமிடத் தனிமை அவரை மீண்டும் மேடைக்கு அனுப்பியது.

இயற்கை ஏன் இருவரையும் வைத்துக்கொண்டது?

துணிச்சலும் கலகலப்பும் அவ்வளவு நல்லவை என்றால் அமைதியானவர்களைப் பரிணாமம் எப்போதோ துடைத்தெறிந்திருக்க வேண்டும். துடைக்கவில்லை. அதற்கான விடை மீன்களிடமும் பறவைகளிடமும் கிடைக்கிறது. டேவிட் ஸ்லோன் வில்சன் 1993-இல், குளத்தில் வாழும் பம்ப்கின்சீட் என்ற அமெரிக்க மீன்களிடையே பொறிகளை இறக்கினார். துணிந்த மீன்கள் ‘இது என்ன’ என்று பார்க்க வந்து மாட்டிக்கொண்டன. தயங்கிய மீன்கள் வெளியே நின்றன. நிஜப் பொறியாக இருந்திருந்தால் பிழைத்தவை அவைதான். ஆனால் எல்லா மீன்களையும் பிடித்து ஆய்வகத் தொட்டியில் விட்டபோது, துணிந்தவை விரைவில் பழகி இரை தின்னத் தொடங்கின, தயங்கியவை பின்தங்கின.

நெதர்லாந்தின் காடுகளில், நம் பட்டாணிக்குருவியின் உறவினமான கிரேட் டிட் பறவைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். புது இடத்தை விரைந்து சுற்றிப் பார்ப்பவையும் உண்டு, மெல்லத் துழாவுபவையும் உண்டு. பீச் மரங்கள் நன்கு காய்த்த ஆண்டில் ஒரு வகை பிழைத்தது. காய்ப்பு பொய்த்த ஆண்டில் மற்ற வகை பிழைத்தது. எந்த ஆண்டு எப்படி இருக்கும் என்று எந்தப் பறவைக்கும் தெரியாது. ஆகவே இரு வகையும் காட்டில் நீடிக்கின்றன. மனிதரிடமும் இந்தச் சாயல் உண்டு. பிரிட்டனில் டேனியல் நெட்டில் செய்த ஆய்வில், புறமுகர்களுக்குத் துணைகளும் உறவுகளும் அதிகம். விபத்தும் நோயும் வந்து மருத்துவமனைக்குப் போனதும் அதிகம். ஒவ்வொரு இயல்புக்கும் ஒரு வரவு, ஒரு செலவு.

அலுவலகங்களிலும் இதைக் கண்டிருக்கிறார்கள். ஆடம் கிராண்டும் அவர் சக ஆய்வாளர்களும் 2011-இல் அமெரிக்காவில் 57 பீட்சா கடைகளின் கணக்கைப் பார்த்தார்கள். சொன்னதை மட்டும் செய்யும் ஊழியர்கள் இருந்த கடைகளில் புறமுக மேலாளர் கூடுதல் லாபம் ஈட்டினார். தாமாகவே யோசனை சொல்லும் ஊழியர்கள் இருந்த கடைகளில், புறமுக மேலாளரின் கீழ் லாபம் குறைந்தது. காது கொடுத்துக் கேட்கும் அமைதியான மேலாளர்கள் அங்கே சிறந்தார்கள்.

சமூகம் எதைக் கொண்டாடுகிறதோ அதுவே குழந்தையின் மதிப்பெண்ணாகிவிடுகிறது என்பதைச் சீனா காட்டியது. 1990-இல் அந்நாட்டு நகரப் பள்ளிகளில் அடக்கமும் கூச்சமும் உள்ள குழந்தைகளைச் சக மாணவர்களும் ஆசிரியர்களும் நன்கு மதித்தார்கள். சந்தைப் பொருளாதாரம் வேரூன்றிய 2002-இல் அதே இயல்புள்ள குழந்தைகள் ஒதுக்கப்பட்டார்கள், மனம் சோர்ந்தார்கள் என்று சின்யின் சென் குழு பதிவுசெய்தது. பன்னிரண்டு ஆண்டுகளில் குழந்தைகளின் மரபணு மாறவில்லை. பெரியவர்களின் எதிர்பார்ப்பு மாறியது.

நம் ஊரிலும் அந்த எதிர்பார்ப்பு வேகமாக மாறிவருகிறது. வேலைக்கான நேர்காணலில் குழு விவாதம், பள்ளியில் ஆளுமை வளர்ச்சி வகுப்பு, வீட்டில் விருந்தாளிகள் முன் “பாட்டுப் பாடிக் காட்டு”. இவற்றில் பின்வாங்கும் பிள்ளைக்கு ‘உம்மணாமூஞ்சி’, ‘வாயில்லாப் பூச்சி’ என்று பட்டம் சூட்டிவிடுகிறோம். அறிவுக் கூர்மைக்கும் உள்முகத்துக்கும் ஏறத்தாழ எந்தத் தொடர்பும் இல்லை. அமைதியான பிள்ளை மந்தமும் இல்லை, பிறவி மேதையும் இல்லை. அதன் நரம்புகள் உலகைச் சற்று அழுத்தமாக வாங்கிக்கொள்கின்றன.

பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் ஒரு வேண்டுகோள். கேள்வி கேட்டதும் கை தூக்காத மாணவருக்கு எழுதி விடை தரும் வாய்ப்பும், யோசிக்க அரை நிமிடமும் கொடுங்கள். புது இடத்தில் தயங்கும் குழந்தையைத் தள்ளாதீர்கள், ஒளித்தும் வைக்காதீர்கள். கைபிடித்துப் பக்கத்தில் நின்று, சிறிது சிறிதாகப் பழக்குங்கள். பள்ளி விட்டு வந்ததும் அரை மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டால் சாத்தட்டும். அச்சம் இருந்தால் போக்க வேண்டியது நம் கடமை. இயல்பாக இருந்தால் மாற்ற வேண்டியது எதுவும் இல்லை.